கைக்கு அடங்காத சக்கரம்

ஒரு பனியன் உருவாவதற்கு முன் அதன் துணி எத்தனை வாசற்படிகளை ஏறி இறங்குகிறது என்பதைத் திருப்பூரை வெளியிலிருந்து பார்ப்பவர் எளிதில் அறியமாட்டார். நூற்பாலையிலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கும் கோன் நூல் நிட்டிங் கம்பெனிக்குப் போகிறது. அங்கே துணியாகிச் சாயப்பட்டறைக்குப் போகிறது. சாயமேறியது காம்பாக்டிங்குக்கும், அங்கிருந்து கட்டிங்குக்கும், வெட்டிய பீஸ்கள் பிரிண்டிங்குக்கும் எம்பிராய்டரிக்கும், அதன்பின் பவர்டேபிளுக்கும், செக்கிங்குக்கும், அயர்ன் மேசைக்குமாகச் சுற்றி, கடைசியில் அட்டைப்பெட்டிக்குள் அடங்குகிறது. இவை அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் நடத்தும் பெரிய நிறுவனங்கள் சில உண்டென்றாலும், 2024-25ஆம் நிதியாண்டில் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த இவ்வூரின் தொழில் பெரும்பாலும் ஜாப் ஒர்க் என்னும் பங்கீட்டு முறையிலேயே நடைபெறுகிறது. ஆகவே, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே துணியைச் சுமந்து இரவும் பகலும் ஓடும் சிறு சரக்கு வண்டி நின்றால், அன்றைய தினம் தொழிலே நின்றுபோகும்.

அந்த வண்டிகளை ஊரார் அழைக்கும் பெயர்களாலேயே சொல்வதுதான் பொருத்தம். 1986இல் வந்த டாடா 407 நெடுங்காலம் இவ்வீதிகளின் பெரிய வண்டியாக இருந்தது. 2005 மே மாதத்தில் டாடா ஏஸ் வந்தது. முக்கால் டன் பாரத்துக்கென்று அமைந்த அந்தச் சிறு வாகனத்துக்குத் தமிழ்நாட்டு மக்கள் குட்டி யானை என்று பெயரிட்டுச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். 2011இல் ஒன்றேகால் டன் பாரத்துக்கு ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்து சேர்ந்தது. அதற்கும் மேற்பட்ட பாரத்துக்குப் பொலிரோ பிக்கப் இருக்கிறது. அட்டைப்பெட்டி, நூல்கண்டு, லேபிள் போன்ற சில்லறைச் சரக்குக்கு ஈகோ இருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. கார் ஓட்டுவதற்கான லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6ஆம் தேதி தீர்ப்பளித்து, அதுபற்றி நிலவிய சந்தேகத்தையும் நீக்கிவிட்டது. இவ்வாறு வழி திறந்திருப்பதால், நேற்றுவரை பிறர் வண்டியை ஓட்டியவர் கொஞ்சம் முன்பணம் புரட்டி, மீதியை மாதாமாதம் டியூ கட்டி அடைத்துவிடலாம் என்ற தைரியத்தில் இன்று சொந்த வண்டிக்காரராகிறார். அவருக்கு அந்த வண்டியே நிலம், வண்டியே கடை, வண்டியே பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் சேமிப்பு.

இப்படிப்பட்ட வண்டிக்காரர்கள் காதர்பேட்டையிலும், மங்கலம் சாலையிலும், பெருமாநல்லூர் வழியிலும் உள்ள ஸ்டாண்டுகளில் கூடிப் பேசும்போது, டீசல் விலைக்கும் வாடகைக்கும் அடுத்தபடியாக அடிக்கடி காதில் விழும் விஷயம் ஸ்டியரிங். “வண்டி ஒரு பக்கமா இழுக்குதுங்க” என்பார் ஒருவர். “அம்பது தாண்டினா ஸ்டியரிங் கையை உதறுதுங்கண்ணா” என்பார் மற்றொருவர். திருப்பினால் திரும்புகிறது, தானாக நேராவதில்லை என்பது வேறொருவர் குறை. இன்னும் சிலருக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே பவர் ஸ்டியரிங் திடீரென்று கல்லாகிவிடுகிறது. இந்த நான்கும் நான்கு வெவ்வேறு வியாதிகள். காரணங்களும் வேறு, சிகிச்சைகளும் வேறு. ஆனால் சர்வீஸ் சென்டரில் இவை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: “ஓவர்லோடு ஏத்தியிருப்பீங்க.” இந்தப் பதில் எந்த அளவுக்கு உண்மை, எந்த அளவுக்கு வாயை அடைக்கும் சாக்கு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல்லடம் சாலையோரத்துப் பட்டறை ஒன்றில் ஸ்டியரிங் குறையைப் பரிசோதிப்பதைக் கூர்ந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. முன் அச்சுக்கு ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து நாலு விரல் உயர்த்தினார் மெக்கானிக். ஒரு கையை டயரின் உச்சியிலும் மறுகையை அடியிலும் வைத்து முன்னும் பின்னும் அசைத்தார். ‘டக் டக்’ என்று ஓசை வந்தது. உதவிக்கு நின்ற பையனைப் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடியும் அசைத்தார், ஓசை நிற்கவில்லை. வீல் பேரிங்கில் ஆட்டம் இருந்திருந்தால் பிரேக் பிடித்தபோது அது மறைந்திருக்கும். மறையாததால் குறை, சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் கிங் பின்னிலும் அதன் புஷ்ஷிலும் இருக்கிறது என்று அவர் தீர்மானித்தார். பிறகு பையனை ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது ஆட்டச் சொல்லிவிட்டு, தாம் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் டை ராட் எண்டின் மூட்டை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங் அசைந்த கணத்துக்கும் சக்கரம் அசைந்த கணத்துக்கும் இடையே நழுவிப்போகும் அந்த நூலிழை நேரத்தை அவருடைய கை உணர்ந்தது. அந்த நழுவலைத்தான் பட்டறையில் பிளே என்கிறார்கள். ஓட்டுகிறவர் கை சொல்வதைச் சக்கரம் கேட்பதற்குள் அத்தனை தூரம் வண்டி தன்னிச்சையாக ஓடிவிடுகிறது என்பதே அதன் பொருள்.

திசை திருப்பும் கருவியின் அமைப்பைச் சற்றே விளங்கிக்கொண்டால், இந்தக் குறைகளின் ஸ்வபாவம் தெளிவாகும். வண்டி வளைவில் திரும்பும்போது உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் உருளுகின்றன. இரண்டையும் ஒரே கோணத்தில் திருப்பினால் ஒன்று உருளாமல் தேயும். இதற்குத் தீர்வு கண்டவர் மியூனிக் நகரத்து வண்டி செய்பவரான லாங்கன்ஸ்பெர்கர். 1817இல் அவர் கண்ட உபாயத்தை இங்கிலாந்தில் 1818இல் காப்புரிமையாகப் பதிந்துகொடுத்த முகவர் ஆக்கர்மன் என்பவரின் பெயரால்தான் அது இன்று வழங்குகிறது. குதிரை வண்டிக்காகக் கண்ட அந்த வடிவியல்தான் இன்றும் குட்டி யானையின் முன் சக்கரங்களைத் திருப்புகிறது. நமது அவிநாசித் தேருக்கு இந்த உபாயம் இல்லை. தேர் நான்கு வீதியும் சுற்றிவர வேண்டுமானால், முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தின் ஓரத்தில் கட்டையைச் செருகிச் செருகி, அங்குலம் அங்குலமாகத்தான் அதைத் திருப்ப வேண்டும். அவர்கள் கையும் கண்ணும் ஒரு கணம் பிசகினால் தேர் தன் போக்கில் போகும். பின்னலாடைச் சரக்கு வண்டியில் அந்த முட்டுக்கட்டைக்காரர்களின் வேலையை விரல் பருமனுள்ள சில உருக்குப் பந்து மூட்டுகள் செய்கின்றன. அவற்றில் ஒன்று கழன்றால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் வெறும் வளையத்தைப் பிடித்திருப்பவராகிவிடுகிறார்.

இங்கே ஒரு விஷயத்தைப் பெருமையோடு சொல்ல வேண்டும். இந்தியாவில் ஓடும் வாகனங்களுக்கு ஸ்டியரிங் உறுப்புகளைச் செய்வதில் தமிழ்நாடு முன்னணியில் இருந்துவருகிறது. சென்னையில் 1929இல் தோன்றிய ரானே குழுமத்தின் தொழிற்சாலைகளில் டை ராட் எண்டு முதல் ஸ்டியரிங் கியர் வரை தயாராகின்றன. புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையில் பவர் ஸ்டியரிங் தயாராகிறது. நல்ல உறுப்புக்கு நம் நாட்டில் பஞ்சம் இல்லை. ஆனால் வண்டி பழுதடைந்தவர் கடைக்குப் போகும்போது கம்பெனி சாமான், லோக்கல் சாமான் என்று இரண்டு விலை சொல்லப்படுகிறது. அந்த மாத டியூவை நினைத்துக்கொண்டு நிற்பவர் எதை வாங்குவார் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்த ஓவர்லோடு விஷயத்துக்கு வருவோம். அதில் உண்மை உண்டு. அதை மறைப்பது வண்டிக்காரருக்குச் செய்யும் நன்மையாகாது. நூல் மூட்டை பார்வைக்குச் சிறியது, எடையில் பெரியது. முக்கால் டன் வண்டியில் பத்துப் பன்னிரண்டு மூட்டை ஏற்றினாலே வரம்பு நெருங்கிவிடும். அப்போதும் தளத்தில் பாதி காலியாகக் கிடக்கும். கண்ணுக்குக் காலியாகத் தெரிகிற இடத்தை நிரப்பச் சொல்லிச் சரக்குக்காரர் வற்புறுத்துவார். துணியோ அதற்கு நேர்மாறானது. பார்வைக்கு மலைபோல் குவியும். பின்கதவை இறக்கிவிட்டு அதற்கு வெளியேயும் அடுக்கிக் கயிறு கட்டுவார்கள். இப்படிப் பின் அச்சுக்கு வெளியே பாரம் தொங்கும்போது, பின் அச்சை ஆதாரமாகக் கொண்டு வண்டியின் மூக்கு மேலே தூக்குகிறது. முன் சக்கரங்களின் மேல் அழுத்தம் குறைகிறது. ஸ்டியரிங் இலேசாக இருக்கிறதென்று ஓட்டுநருக்குச் சற்று நேரம் சுகமாகக்கூடத் தோன்றலாம். ஆனால் அந்த இலேசு, சக்கரம் தரையைப் பிடிக்கவில்லை என்பதற்கு அடையாளம். ஈரமான சாலையில், வளைவில், பிரேக் பிடிக்கும் நேரத்தில் அதன் விலை தெரியும். பாரம் தாங்கவென்று பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்ப்பதும் இங்கே சர்வசாதாரணம். பின்புறம் உயர்ந்தால் கிங் பின்னின் சாய்மானம் குறைகிறது. அந்தச் சாய்மானந்தான் திரும்பிய சக்கரத்தைத் தானாக நேராக்குவது. திருப்பினால் நேராவதில்லை என்று குறை சொல்லும் வண்டிகளில் ஒரு பகுதி இப்படிப் பட்டை சேர்த்தவையாக இருக்கக்கூடும்; கிரீஸ் காணாமல் உலர்ந்து இறுகிய கிங் பின்னும் அதே குறையைக் காட்டும்.

சாலைகளின் பங்கும் சொற்பமானதன்று. நான்காம் குடிநீர்த் திட்டத்துக்காகவும் பாதாளச் சாக்கடைக்காகவும் திருப்பூரில் தோண்டப்பட்ட வீதிகள் பல. மூடிய பள்ளம் மழையில் அமிழ்ந்து மீண்டும் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தில் முன் சக்கரம் விழும் ஒவ்வொரு முறையும் அடி வாங்குவது டயர் மட்டும் அன்று, டை ராட்டும் பந்து மூட்டும் ஸ்டியரிங் பாக்ஸும் சேர்ந்தே வாங்குகின்றன.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகும், ஓவர்லோடு என்ற ஒற்றைச் சொல்லால் எல்லாப் புகாரையும் மூடிவிட முடியாது என்றே நான் உறுதியாகச் சொல்வேன். வரம்பு மீறிப் பாரம் ஏற்றாமலேயே, ஷோரூமிலிருந்து வந்த சில மாதங்களிலேயே ஒரு வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அதற்கு ஓவர்லோடு காரணமாகாது. பவர் ஸ்டியரிங் ஆயில் குழாயின் இணைப்பில் கசிவது, பம்பின் பெல்ட் அறுவது, மூட்டைப் பூட்டும் நட் தளர்வது முதலியவை பாரத்தால் மாத்திரம் வருவன அல்ல. செய்த இடத்திலோ பூட்டிய இடத்திலோ நேர்ந்த பிசகாலும் வரலாம். மேலும், முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றுவார்கள் என்பது இந்நாட்டில் வண்டி விற்கும் ஒவ்வொருவரும் அறிந்ததே. அப்படி ஏற்றினால் 20,000 ரூபாயும், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று 2019இன் திருத்தச் சட்டம் சொல்லியும் அது ஓயவில்லை. அந்த அபராதம் விழுவது ஓட்டுகிறவர் தலையில். அதிகமாக ஏற்றச் சொன்ன சரக்குக்காரர் பெயர் பெரும்பாலும் எங்கும் வருவதில்லை. விபத்து நேர்ந்தாலும் முதலில் எழுதப்படுவது ஓட்டுநரின் அஜாக்கிரதைதான்.

அமெரிக்காவில் நம் வண்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய ஹெவி டியூட்டி பிக்கப்புகள் ஓடுகின்றன. அவற்றிலும் இதே புகார்கள் எழுந்தன. நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு மேடு தட்டியதும் முன் அச்சு முழுவதும் கட்டுக்கடங்காமல் உதறத் தொடங்குவதை அங்குள்ளவர்கள் மரண நடுக்கம் என்றே வழங்குகிறார்கள். அதன்பேரில் ஃபோர்டு கம்பெனியின் சூப்பர் டியூட்டி வண்டிகளைக் குறித்து 2019இல் வழக்கும் தொடரப்பட்டது. அதற்கும் முன்பு, ராம் பிக்கப்புகளின் டை ராட் முதலிய உறுப்புகளைப் பற்றிய குறைகள் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் சேர்ந்தன. வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பழுது நீக்குவதில், அவற்றைச் செய்த ஃபியட் கிறைஸ்லர் நிறுவனம் காட்டிய தாமதத்தையும் குறைபாடுகளையும் விசாரித்த நிர்வாகம், 2015 ஜூலையில் 10.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. வண்டி கட்டுப்பாட்டை இழக்கச் செய்யக்கூடிய அந்தப் பழுது நீக்கப்படாமல் எஞ்சியிருந்தவற்றை உரிமையாளரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளவும் நிறுவனத்தை இசையவைத்தது. பாரமிழுக்கும் வண்டி அங்கேயும் பாரந்தான் இழுக்கிறது. ஆனால் ஒவ்வொருவர் குறையும் ஒரே இடத்தில் எழுத்தாகச் சேர்ந்ததால், அது எண்ணிக்கையாகி, எண்ணிக்கை சாட்சியாகிவிட்டது.

நம் நாட்டில் அந்த வழி நெடுநாள் இல்லை. 2012 ஜூலையில் வாகன உற்பத்தியாளர் சங்கம் தானாக ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்குமுறை ஒன்றே இருந்தது. மனம் இருந்தால் கம்பெனி வண்டியைத் திரும்ப அழைக்கும். 2019ஆம் ஆண்டு திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரே மாதிரி வண்டியில் ஒரே விதமான பாதுகாப்புக் குறை, விற்பனைக்கு ஏற்றபடி குறித்துள்ள அளவுக்கு உரிமையாளர்களால் புகார் செய்யப்பட்டால், கட்டாயமாகத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். தவறினால் 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். உற்பத்தியாகி ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். சட்டத்தின் உயிர்நாடி அந்தப் புகார் எண்ணிக்கையில் இருக்கிறது. ஸ்டாண்டில் டீக்குடித்துக்கொண்டே சொன்ன குறை எந்தக் கணக்கிலும் ஏறாது; பட்டறையில் எண்ணூறு ரூபாய் கொடுத்துச் சரிசெய்துகொண்ட குறையும் ஏறாது.

சட்டம் வந்த பிறகு கம்பெனிகள் தாமாக முன்வந்து வண்டிகளை அழைத்த சந்தர்ப்பங்கள் உண்டு. 2021இல் மகிந்திரா, 2020 ஜனவரி முதல் 2021 பிப்ரவரி வரை செய்த பிக்கப்புகளில் 29,878 வண்டிகளைத் திரவக்குழாய் ஒன்று சரியாகப் பூட்டப்படாதிருக்கலாம் என்று சொல்லி அழைத்து மாற்றிக்கொடுத்தது. நமது விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது 2023 ஜூலையில் நடந்தது. 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரான எஸ்-பிரஸ்ஸோ, ஈகோ வண்டிகள் 87,599ஐ மாருதி சுஸுகி திரும்ப அழைத்தது. காரணம், ஸ்டியரிங் டை ராட்டின் ஒரு பாகம் அபூர்வமாக முறிந்துபோகலாம் என்பது. ஈகோவின் சரக்கு வகையும் உண்டு. லேபிளும் பட்டனும் சுமந்து நம் வீதிகளில் ஓடுவது அதுவே. அந்தக் காலத்து ஈகோவைக் கைமாற்றி வாங்கியவர்கள், முதல் சொந்தக்காரரின் விலாசத்துக்குப் போன அறிவிப்பு தம்மை வந்தடைந்ததா என்று நினைத்துப் பார்க்க வேண்டும். சேஸிஸ் நம்பரைச் சொன்னால் எந்த மாருதி சர்வீஸ் சென்டரிலும் விவரம் தெரிந்துகொள்ளலாம். மாற்றுவதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

சரக்கு வண்டிக்காரர்கள் பலரும் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு தவறான கருத்தை இங்கே நீக்கிவிட வேண்டும். வியாபாரத்துக்கு வாங்கிய வண்டிக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது என்று அவர்களிடம் சொல்லப்படுகிறது. அவர்களும் நம்பித் திரும்பிவிடுகிறார்கள். 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதற்கு விடை சொல்கிறது. வழக்கின் ஒரு தரப்பு பக்கத்துக் கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட், மறுதரப்பு அவர்களிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ். இயந்திரத்தைப் பெரிய அளவிலான வியாபாரத்துக்கு வாங்கியதால் லட்சுமி என்ஜினியரிங் தோற்றது. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே, தன் ஜீவனத்துக்காக ஆட்டோவோ லாரியோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோரே என்றும், உதவிக்கு ஒருவர் இருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்றும் நீதிபதிகள் விளக்கினார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சுயதொழிலால் பிழைப்பவருக்கு அதே பாதுகாப்பை வைத்திருக்கிறது. பொருளின் குறையால் நேர்ந்த தீங்குக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் தனி அத்தியாயமும் அதில் உண்டு. குட்டி யானையைத் தாமே ஓட்டிப் பிழைக்கும் ஒருவரை வாசலிலேயே திருப்பியனுப்ப யாருக்கும் அதிகாரமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குத் தமிழிலேயே பேசலாம்.

வழக்குக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. அதில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். சர்வீஸுக்கு வண்டியை விடும்போது எழுதும் ஜாப் கார்டில், கவுண்ட்டரில் இருப்பவர் ஜெனரல் செக்கப் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். அவ்வாறு எழுதிய ஜாப் கார்டில் ஸ்டியரிங் குறை இருந்ததற்கு ஒரு தடயமும் இராது. எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் உதறுகிறது, பாரம் இருக்கும்போதா, காலியாக இருக்கும்போதா, பிரேக் பிடிக்கும்போதா, எந்தப் பக்கம் இழுக்கிறது, முதன்முதலில் எத்தனையாவது கிலோமீட்டரில் தெரிந்தது என்பவற்றைத் தமிழிலேயே எழுதச் சொல்லி, ஒரு நகலைக் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். மாற்றிய பழைய டை ராட் எண்டைக் கடையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கி, பில்லோடு சேர்த்து வைக்க வேண்டும். தேய்ந்ததா, முறிந்ததா, நட் தளர்ந்ததா என்பதைப் பின்னால் ஒரு நிபுணர் பார்த்துச் சொல்ல அந்த இரும்புத் துண்டே வேண்டும். எட்டு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கொருமுறையும், அதற்கு மேற்பட்டதற்கு வருஷந்தோறும் எஃப்.சி. எடுக்கும் சமயத்தில், பெயிண்ட் அடிப்பதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைக் கிங் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் ஒதுக்கலாம். வாரத்துக்கொருமுறை, ஞாயிற்றுக்கிழமை சரக்கு ஓட்டம் குறையும்போது, ஜாக்கி கொடுத்து முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்ப்பதற்குப் பத்து நிமிஷம் போதும்; அந்த ‘டக்’ ஓசை கேட்டால், திங்கட்கிழமை முதல் நடைக்குப் போகுமுன் பட்டறைக்குத்தான் போக வேண்டும். கம்பெனி முதலாளிகளும் தம் டெலிவரி சலானில் துணியின் எடையை வண்டியின் பாரவரம்போடு ஒப்பிட்டு எழுதும் வழக்கத்தை ஏற்படுத்தினால், அதிகம் ஏற்றச் சொன்னது யார் என்பதும் காகிதத்தில் இருக்கும்.